மைக் மரகதத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஜூலை 29, செவ்வாய்

‘மைக் மரகதம்’ படக்கதையை எழுதி வெளியிடும் சோலைராஜ் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அப்போது இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரியவரின் கையில் ஊசி ஏற்றப் போகிற நேரம். முதல் வரி கண்ணில் பட்டதுமே ஊசியை மறந்துவிடப் பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். பெரியவர் பிழைத்தார்.

ஈரோடு புத்தகத் திருவிழாவில் இந்த முறை அவருக்கும் ஒரு கடை கிடைத்திருக்கிறதாம். சிவகாசியிலிருந்து தனியாகத்தான் வருகிறாராம். ‘வாசகர் பக்கத்துக்கு நீங்க எழுதுறதைப் படிச்சுட்டு எங்க வீட்டுல என்னையத்தான் திட்டுவாங்க, அந்தப் பொண்ணு சொல்றது சரின்னு. அதுல பாதி பேசினாக்கூடக் கடை களைகட்டிரும். கூட வந்து நிக்க முடியுமாம்மா?’

‘வருகிறேன்’ என்று உடனே அடித்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் ‘பேசினாக்கூட’ என்ற சொல்லைக் கவனித்தேன்.

யாராவது கேட்டால் எப்படி அறிமுகப்படுத்துவது? இங்கேயே ஒருமுறை ஒத்திகை பார்க்கிறேன். மரகதம் மேட்டுவலசு பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த இடத்திலிருந்து கிளம்பும் என்று நாளெல்லாம் மைக்கில் சொல்பவள். இடி விழுந்த ஒரு மாலையில் அந்த மைக்கைப் பிடித்திருந்தாள். அன்றிலிருந்து சக்கரம் வைத்த எதுவும் அவள் குரல் சொன்னபடி கேட்கும். லாரி, ரயில், இஸ்திரி வண்டி, சூட்கேஸ் எதுவானாலும். ஒருமுறை ஒரு கொள்ளைக்காரன் சுழல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவளை மிரட்டிக்கொண்டிருந்தான். ‘காவல் நிலையம் செல்லும் வண்டி, வழியில் எங்கும் நில்லாது’ என்று அறிவித்தாள். நாற்காலி அவனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. இதை நினைத்து நான் டவுன் பஸ்ஸில் தனியாகச் சிரித்ததில், பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி இடம் மாறிப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது அந்தப் படங்களின் நிறம்தான். வேறொன்றுமில்லை.

இதுவரை பதினான்கு இதழ்கள். பதினான்காவதின் கடைசிப் பக்கத்தில் மைக் ஆற்றில் விழுந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு பேருந்து, பாலத்தின் விளிம்பில் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நிற்க, தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘தொடரும்’ என்று போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பதினைந்தாவதை அண்ணன் எழுதி, அவர் மனைவி படமும் வரைந்து முடித்துவிட்டாராம். அச்சுக்கு மட்டும் அனுப்பவில்லை. ‘புது ஆளுக யாரும் படிக்க வரலைன்னா யாருக்காக அடிக்கிறது? இந்தத் திருவிழாவையும் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்’ என்கிறார்.

யாரும் வராவிட்டால் அந்தப் பேருந்து தொங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

ஜூலை 31, வியாழன்

பரிசோதனைக் கூடத்தில் விடுப்பு கிடைத்துவிட்டது. அம்மாவிடம்தான் கிடைக்கவில்லை.

“திருவிழா முடியற வரைக்கும் அங்கயே நிக்கோணுமா கண்ணு? பதினஞ்சாந் தேதி காங்கயத்துக்காரங்க பொண்ணு பாக்க வாராங்க. அதுக்குள்ள நாலு பேரு காதுல...” என்று ஆரம்பித்தவள், நிறுத்திக்கொண்டு புளியைக் கரைத்தாள். பிறகு, “பொண்ணு அமைதின்னு சொல்லி வெச்சிருக்கறேன். நீ பாட்டுக்கு அங்க போயி எதையாச்சும் பேசிப்போடாத” என்றாள்.

நான் அமைதிதான். துணியை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கடை எண் நூற்று நாற்பத்தாறு. இந்தப் பக்கம் சமையல் புத்தகங்கள், அந்தப் பக்கம் ஆன்மிகம். எதிரே ஒரு தூண். தூணருகே காவலுக்கு நிற்கும் ஓர் இளம் பெண் போலீஸ்.

சோலைராஜ் அண்ணன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் மப்ளர். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஒரு சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: ‘தொண்டை போச்சு. போன மாசம் மதுரைல கடை போட்டுக் கத்துனது. டாக்டர் வாயே திறக்கக் கூடாதுன்னுட்டார். நீங்கதான் பேசணும்.’

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நானும் வாயைத் திறந்தேன். “அ... அ... அண்ணா, எ... எனக்கு...” சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலில் தன்னைக் கேலி செய்கிறேனோ என்று பார்த்தார். பிறகு புரிந்தது. சிலேட்டில் ஏதோ எழுதப் போனார், அழித்தார், மறுபடி எழுதப் போனார், பல்பம் உடைந்தது. அதன்பின் அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சத்தமே இல்லாத சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஊருக்கே கேட்கப் பேசுகிறவளின் கதையை விற்க வந்த ஆட்கள் நாங்கள். ஆளுக்கொரு அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆன்மிகக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

ஆக, இங்கேயும் எழுதிவிடுகிறேன். எனக்குத் திக்கும். எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி இல்லை. ககரத்தைச் சமாளித்துவிடுவேன். மகரம்தான் மோசம். மைக். மரகதம். அண்ணன் பெயர் வைக்கும்போது என்னைக் கேட்கவில்லை. எனக்குக் கோகிலவாணி என்று பெயர் வைத்தவர்களும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.

விற்பனை ஒன்றுமில்லை. ஒரே ஒருவர் வந்து நின்றார். சமையல் கடைக்கு வழி கேட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

பெரிய அட்டையில் எழுதிக் கட்டித் தொங்கவிட்டேன்: ‘மைக் மரகதத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? கேளுங்கள்.’ கட்டி முடித்த பிறகுதான் ‘கேளுங்கள்’ என்று எழுதியது உறைத்தது. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

கேட்கத்தான் செய்தார்கள். எனக்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. வராத சொல்லை விட்டு வரும் சொல்லைப் பிடிப்பது. மரகதம் என்பதற்குப் பதில் ‘இந்த அக்கா’. மைக் என்பதற்குப் பதில் ‘கையில பிடிச்சுப் பேசுறது’. இப்படிச் சுற்றி வளைத்ததில் ஒரு தம்பதி இது செல்போன் பழுது பார்க்கும் புத்தகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வேட்டி கட்டிய ஒருவர் அவசரமாக வந்தார். “என்ன பொஸ்தகம்மா இது?” என்றார். நேராகவே சொல்லிப் பார்ப்போம் என்று, “ம... ம... ம...” என்று ஆரம்பித்தேன்.

“மனையடி சாஸ்திரமா? அதைத்தான் தேடிட்டு இருக்கறேன்” என்றார். இல்லையென்று நான் தலையை ஆட்டுவதற்குள், “பரவால்லீங்க, அக்கட்டக் கடையில கேட்டுக்கறேன்” என்று போய்விட்டார். என் வாக்கியத்தை முடித்து வைத்து, அதை வாங்கவும் கிளம்பிவிட்டார்.

அண்ணனோடு முதல் சண்டை. புது வாசகர் எந்த இதழில் தொடங்க வேண்டும்? ஒன்றில்தான் என்று சிலேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார். ஒன்றில் மரகதத்துக்கு ஒரு கட்டத்தில் ஆறு விரல் இருக்கிறது, இடி விழுவதற்கே பாதி இதழ் ஓடிவிடுகிறது, ஆறில் தொடங்கினால்தான் ஆள் நிற்பார் என்று நான் எழுதினேன். அவர் பிடுங்கி எழுதினார், நான் பிடுங்கி எழுதினேன். சத்தமே வராமல் இவ்வளவு கோபமாகச் சண்டை போட முடியும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் அம்மாவோடு பவானி கூடுதுறை. புது மஞ்சள் கயிறு, காப்பரிசி, வீட்டுக்கு வந்து தேங்காய்ச் சாதம். மத்தியானம் திருவிழாவுக்குப் போனால் அங்கேயும் ஆறு மாதிரிதான் கூட்டம்.

எதிர்த் தூண் போலீஸ்காரப் பெண் மின்விசிறிக் காற்றுக்காக எங்கள் கடைக்குள் ஒதுங்கினாள். சட்டையில் பெயர்: இசக்கியம்மாள். அம்பாசமுத்திரத்துக்காரியாம். வேலை கிடைத்து இங்கே வந்து சில மாதங்கள்தான் ஆகிறதாம்.

“என்னக்கா, நீங்க ரெண்டு பேரும் பேசவே மாட்டேங்கிய? ரெண்டு நாளா பாத்துட்டே நிக்கேன். ஊமப் படம் ஓடுத மாதிரில்லா இருக்கு” என்றாள்.

நான் ஆறாம் இதழை எடுத்து நீட்டினேன்.

“பொம்மப் பொஸ்தகமா? நான் படிக்க மாட்டேன்க்கா” என்று வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

இசக்கி வந்ததும் ஆறாம் இதழை மேசையில் வைத்தாள். “இது சரியில்லக்கா.”

எனக்குக் காது சூடானது.

“இவ்வளவு பெரிய பஸ் ஸ்டாண்டு. தெனமும் கலவரம் நடக்கு. ஒரு போலீசு பூத்து உண்டா, ஒரு போலீஸ்காரி உண்டா? அந்த மரகதமே எல்லாத்தையும் பாத்துக்கிடுதா. அப்பம் எங்களுக்கு என்ன வேல? அப்புறம், சக்கரம் வச்சதெல்லாம் அவ சொல்லு கேக்கும்னா அந்தச் சைலன்சர் சின்னையா எதுக்குக் கார்ல தப்பிக்கான்? நடந்து போக வேண்டியதுதான? வில்லனுக்குப் புத்தி வேண்டாமா?”

சைலன்சர் சின்னையா நடக்க மாட்டான். அதற்கு மூன்றாம் இதழில் காரணம் இருக்கிறது. போலீஸ் பூத் ஏன் இல்லை என்பதற்கு ஐந்தில் காரணம் இருக்கிறது, அது முழு இதழும் சிரிக்க வைக்கும் காரணம். இதையெல்லாம் தெரியாமல் ஒருத்தி தீர்ப்புச் சொன்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? பேசினேன். அவள் குறுக்கே பேசினாள், நான் மறித்துப் பேசினேன். மேசையில் தட்டினேன் என்று நினைக்கிறேன். மூன்றையும் ஐந்தையும் அவள் கையில் திணித்தேன். “சரி, பாக்கேன். சரியில்லன்னா நாளைக்குச் சண்டைக்கு வருவேன்” என்று அவள் போனாள்.

திரும்பினால் கடைமுன் சின்னக் கூட்டம். அண்ணன் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்: ‘ம-வில் எத்தனை சொன்னீங்கன்னு தெரியுமா?’

தெரியவில்லை. திக்கியதா என்று கேட்டேன். ‘நிறைய’ என்று எழுதினார். அதற்குக் கீழே, ‘யாரும் போகலை’ என்று எழுதினார்.

நின்றவர்களில் பாதிப் பேர் ஆறாம் இதழை வாங்கினார்கள். சண்டையில் எது பேசப்பட்டதோ அதுதான் வேண்டுமாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இசக்கியை வண்டி நிறுத்தும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எதிரே வெறும் தூண்.

ஆகஸ்ட் 6, புதன்

மத்தியானத்திலிருந்து மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பேச்சு வருகிறவர்களும் எங்களைப் போலக் கையாலேயே பேசிக்கொண்டார்கள். எங்களுக்குப் பழக்கமிருந்ததால் நன்றாகவே விற்றோம்.

ஒழுகிய இடத்தில் வாளி வைத்து, புத்தகங்களைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். பிறகு ஏழாம் இதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனேன். மழைக்கோட்டுக்குள் இசக்கி ஒரு வேன்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வேனை விட்டுவிட்டாள்.

“ஏக்கா, அந்த அஞ்சாம் நம்பரு. பூத்துக்குள்ள கோழி அட வச்சிருக்குன்னு அத பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வராமலே விட்டாம் பாரு இன்ஸ்பெக்டரு. எங்க ஊர்ல நெசமாவே நடந்துருக்கு. நான் ரூம்ல சிரிச்சு, கூட இருக்கவ அடிக்க வந்துட்டா.” பையைப் பிடுங்கிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டாள். பிறகு, “மொதல்லயே கேக்கணும்னு நெனச்சேன். திக்குவாயாக்கா?” என்றாள்.

இதுவரை என்னிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை. அம்மாகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. “ஆ... ஆமா” என்றேன்.

“எங்க பழைய ஏட்டையாவுக்கும் உண்டு. ஆனா வையும்போது மட்டும் தண்ணி கணக்கா வரும். நீங்களும் வஞ்சு பாருங்க” என்றாள். அந்த வேன்காரரை நோக்கிக் கை காட்டினாள். “அந்தா நிக்காம்லா, அவனயே வையுங்க.”

நனைந்துகொண்டே திரும்பினேன். வழியெல்லாம் சிரிப்பு. தும்மலும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒன்று பிடிபட்டிருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே இடத்தில் குத்த மாட்டேன். கையைத் தொட்டு, அவரவர் நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்துத்தான். இதுவும் அப்படித்தான். ஒன்றா ஆறா என்று நானும் அண்ணனும் சண்டை போட்டதே வீண். வந்தவர் யார் என்று பார்க்க வேண்டும்.

ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு இரண்டு. மரகதம் ஊரிலுள்ள ஆட்டோவையெல்லாம் ஒரே வரிசையில் நிற்க வைக்கும் இதழ். “கதையிலயாவது நிக்கட்டும்ங்க” என்று வாங்கிப் போனார். புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு எட்டு. மரகதத்துக்கு வரன் பார்க்கப் போய்க் குடும்பமே பேருந்தில் சிக்கி மாவட்டத்தைச் சுற்றும் இதழ். அந்தப் பெண் அங்கேயே நின்று படித்து, கணவனின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். கணக்குப் பேராசிரியை ஒருவருக்கு, எல்லா விதிகளும் ஒழுங்காக வரும் மூன்று. அவர் என்னைவிட மெதுவாகப் பேசினார். எனக்குத்தான் பொறுமை போய்விட்டது.

நான் முடிக்கும் வரை காத்திருக்கிறவர்களும் உண்டு, நடுவில் போகிறவர்களும் உண்டு. போகிறவர்களை விட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அண்ணனுக்கு மிளகுப் பால் காய்ச்சி பிளாஸ்கில் கொண்டுபோனேன். ஒன்றாம் இதழின் ஆறு விரலுக்குத் தான்தான் காரணம் என்று சிலேட்டில் ஒப்புக்கொண்டார். அந்தக் கட்டத்தை மனைவிக்குத் தெரியாமல் அவரே வரைந்தாராம்.

ஆகஸ்ட் 9, சனி

நாளைக்கு அம்மாவும் வருகிறாளாம். ‘நீ அங்க என்னதான் பண்ற’ என்று பார்க்க வேண்டுமாம். சும்மா உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயிறு மாலை சொற்பொழிவுக்கு முன்னால், பெயர் கொடுத்த பதிப்பகங்களுக்கு மேடையில் இரண்டு நிமிடம் கொடுக்கிறார்கள். தொண்டை போவதற்கு முன்பே அண்ணன் பெயர் கொடுத்து வைத்திருந்தாராம். மாலையில் அறிவிப்பு வந்தபோதுதான் அவருக்கே நினைவு வந்தது. ‘எங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க’ என்று எழுதினார்.

சொல்லத்தான் போனேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். “மை... மை... மை...” என்று ஆரம்பித்தேன். மைக் மரகதம் பேசவில்லை என்பதுதான் முழு வாக்கியம். “மைக் மேலதாம்மா இருக்கு. ஏறுங்க, நேரமாச்சு” என்று படியைக் காட்டினார்.

வேண்டாம் என்று சொல்லி முடிக்க முடியாததால் நான் மேடை ஏறினேன்.

ஏறிய பிறகும் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஏன் என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை. எதிரே பந்தல் நிறையத் தலைகள். மூன்றாவது வரிசையில் அம்மா, மடியில் எங்களுக்குக் கொண்டுவந்த தயிர்சாதக் கேரியர். என்னைப் பார்த்ததும் அவள் கை வாய்க்குப் போனது.

“ம... ம... ம...”

ஒலிபெருக்கியில் அது என் காதுக்கே பயங்கரமாக வந்து விழுந்தது. ஒலிபெருக்கிக்காரர் ஓடி வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். வயரைக் கழற்றி மாட்டினார். “இப்பப் பேசுங்க மேடம்.” மறுபடி, “ம... ம...” அவர் வேறொரு மைக்கைக் கொண்டுவந்தார். பாவம், வேர்த்துவிட்டது அவருக்கு.

“ம... மைக் நல்லாத்தான் இருக்குதுங்க. நா... நான்தான் இப்படி” என்றேன்.

பிறகு பந்தல் சிரித்தது. எனக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை இது, நானும் அதில் இருந்தேன். ஒலிபெருக்கிக்காரர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

அதற்குப் பிறகு சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. மரகதம் என்றே சொன்னேன், எத்தனை மகரம் வேண்டுமோ அத்தனையும் எடுத்துக்கொண்டு. சுழல் நாற்காலியைச் சொன்னேன். சக்கரத்தைச் சொன்னேன். “இ... இப்ப அவ கையில மைக் இல்லீங்க. பஸ் பாலத்துல தொங்குது. உள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. ஒரு வருசமா தொ... தொங்குது. நீங்க படிக்க வந்தாத்தான் அதுக்கு அடுத்த பக்கம். எ... எங்க கடை...”

மணி அடித்தது. மைக்கை அணைத்துவிட்டார்கள். கடை எண்ணைச் சொல்லவே இல்லை.

இறங்கினால் ஆட்கள் எழுந்து நாலாபக்கமும் போய்க்கொண்டிருந்தார்கள். எண் தெரியாமல் சமையல் கடையில் போய்த் தேடினால் எங்கே கிடைக்கும்? அப்போது பந்தல் வாசலில் விசில் சத்தம். இசக்கி. அவளை அங்கே காவலுக்குப் போட்டிருந்தார்கள் போல. “மைக் மரகதமா? நூத்தி நாப்பத்தாறு. நேராப் போயி சோத்துக் கைப் பக்கம். தள்ளாம போங்க, எல்லாருக்கும் உண்டு.” ஒரு கை நேராக, ஒரு கை வளைத்து, கூட்டத்தையே அவள் திருப்பி விட்டாள்.

கடையில் அண்ணன் மேசையைத் தாண்டி நின்று இரண்டு கையாலும் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றாம் இதழும் தீர்ந்தது, ஆறு விரலோடு.

கூட்டம் குறைந்த பிறகு அம்மாவைத் தேடிப் போனேன். மூன்றாவது வரிசையில் அவள் இல்லை. கேரியர் மட்டும் நாற்காலியில் இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் அம்மா என்னைப் பார்க்காமலே பரிமாறினாள். இட்லி வைத்தாள், சட்னி வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, அவள் முன்னறையில் போனை எடுத்துப் பேசுவது கேட்டது.

“காங்கயங்களா? நான் கோகிலா அம்மா பேசறனுங்க. பொண்ணு அமைதின்னு சொன்னனுங்கல்ல, அது பொய்யிங்க. அவளுக்குத் திக்கும்ங்க. சின்னதுல இருந்தே. ஆனா பேசுவாளுங்க. நேத்து ஒரு பந்தலே உக்காந்து கேட்டுச்சுங்க. நீங்க வாரதா இருந்தா, அவ சொல்லி முடிக்கற வரைக்கும் உக்காந்து கேக்கற மாதிரி வாங்க. அவசரம்னா வேண்டாமுங்க.”

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் ஈரக் கையோடு வாசல்படியில் நின்றேன்.

“நேத்து ஏம்மா எந்திரிச்சுப் போயிட்ட?”

“அழுகாச்சி வந்துபோச்சு கண்ணு. அத்தன சனத்துக்கு நடுவுல எப்புடி அழுகறது?” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அது கெடக்குது. அந்த பஸ்ஸு உளுந்துபோச்சா, இல்லியா?”

“தெ... தெரியாதும்மா. இன்னும் அச்சடிக்கல.”

“புள்ளைங்கள உள்ள வெச்சுக்கிட்டா? அதென்ன அக்கிரமம்?” என்றாள். “மொதல்ல இருந்து எடுத்துட்டு வா, பாக்கறேன்.”

காங்கயத்தில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. நான் ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டதற்குக் காரணம் வேறு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடைசி நாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு வரை மொத்தமாக வாங்கிப் போனவர்களில் சிலர் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். அந்த ஆட்டோக்காரரும் வந்தார். “ஏனுங்க, பஸ்ஸைத் தொங்க விட்டுட்டுக் கடை போட்டு உக்காந்திருக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா?” என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் சிலேட்டை எடுத்தார். கீழே வைத்தார். போனை எடுத்து மனைவிக்கு அடித்தார். மப்ளரைத் தளர்த்திக்கொண்டு, அறுபட்ட தகரம் மாதிரி ஒரு குரலில், “பதினஞ்ச அச்சுக்கு அனுப்பிரு” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் குரல் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கே அவர் முகம் சிவந்துபோனது. ஆட்டோக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் எதிர்த் தூணைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

தூணருகே இசக்கி. கடைசி நாளுக்கு இந்த இடத்தையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாளாம். பதினான்கு வரை படித்தும் முடித்துவிட்டாளாம். விஷயத்தைச் சொன்னேன். “அப்பம் பதினஞ்ச எனக்குத்தான் மொதல்ல” என்றாள்.

சாயங்காலம் நல்ல கூட்டம். நடைபாதையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனார்கள். பெரிய குடும்பம் ஒன்று, நான்கைந்து பெண்கள், எங்கள் அட்டையைப் பார்த்து நின்றது. அதில் ஒருத்தி, “எங்கிருந்துங்க படிக்கறது?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கி அங்கே வந்துவிட்டாள்.

“நான் சொல்லுதேன் கேளுங்க. இந்தப் பதினால எடுங்க. இதுல பஸ்ஸு பாலத்துல தொங்கும். அது ஏன் தொங்குதுன்னா, பதினொண்ணுல சைலன்சர் சின்னையாங்க வில்லன் மறுபடி வருவான். அவன் உண்மையில யாருன்னா, மரகதத்துக்கு...”

பதினொன்றின் கடைசிப் பக்கம். அந்த இரகசியம் தெரியாமல் அதை மறுபடி முதல்முறையாகப் படிக்கக் கிடைத்தால் நான் எதையும் கொடுப்பேன், எனக்கு இனி முடியாது, அந்தப் பெண்களுக்கு முடியும். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன்.

“மு... மு... மு...”

இசக்கி நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். “செத்த இருங்க, அக்கா பேசுதாவ” என்று சொல்லி, நாற்சந்தியில் நிறுத்துவதுபோல் உள்ளங்கையைக் காட்டிக் கையை உயர்த்தினாள். அந்தப் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும், காக்கிச் சட்டை கை காட்டுகிறதே என்று, என்ன ஏது என்று தெரியாமலே நின்றார்கள். ஆன்மிகக் கடை வரைக்கும் கூட்டம் நின்றது.

எனக்கு வேண்டிய நேரமெல்லாம் எடுத்துக்கொண்டேன்.

“முடிவைச் சொல்லாத, இசக்கி.”

அவள் கையை இறக்கினாள். எல்லோரும் நகர்ந்தார்கள்.